குதிரை அறிந்தவர்களுக்கு எட்டாத பட்டம்

எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவன் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் அப்பா ரேஸ் குதிரை லாயத்தில் குதிரைக்காரர். அப்பாவுக்கு முதுகுவலி வந்ததிலிருந்து விடியற்காலை 4 மணிக்கு அவனும் கூடப் போகிறான். சாணம் அள்ளி, வைக்கோல் மாற்றி, குதிரையைத் தேய்த்து, ஓடிவிட்டு வந்த குதிரையைச் சூடு அடங்கும்வரை கையில் பிடித்து நடத்தி, கால்களுக்குத் தண்ணீர் அடித்து முடிக்கும்போது மணி 9 ஆகிவிடும். கல்லூரியில் முதல் வகுப்பு 9.30க்கு. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது, தேர்வு எழுத முடியாமல் போகலாம் என்று போன மாதம் நோட்டீஸ் வந்தது.

கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுத உதவி கேட்டு வந்திருந்தான். பேச்சுவாக்கில் சொன்னான்: "முன்னங்காலைத் தொட்டுப் பாத்தாலே எந்தக் குதிரைக்குக் கால் சூடா இருக்கு, எது இன்னைக்கு ஓடக் கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும்க்கா. டாக்டரு அப்புறம்தான் வருவாரு. ஆனா அதெல்லாம் படிப்பு இல்லையே."

அது ஏன் படிப்பு இல்லை? எது அறிவு, எது வெறும் உழைப்பு என்று பிரித்தது யார்? நான் சமூகவியல் படித்த காலத்திலிருந்து என்னை விடாத கேள்வி இது. அவனுக்குப் பதில் சொல்ல முயன்றபோது அமெரிக்காவின் கென்டக்கி மாநில வரலாறு நினைவுக்கு வந்தது. குதிரைத் தொழிலையும் கல்லூரிப் படிப்பையும் ஒரே மக்களிடமிருந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் பறித்த மாநிலம் அது. அந்த வரலாற்றை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குதிரை மேல் அடிமை

1875 மே 17. லூயிவில் நகரில் முதல் கென்டக்கி டெர்பி பந்தயம் நடந்தது. இன்று உலகப் புகழ்பெற்ற பந்தயம் அது. அன்று களத்தில் இறங்கியவை 15 குதிரைகள். அவற்றில் 13 குதிரைகளை ஓட்டியவர்கள் கறுப்பின ஜாக்கிகள். வென்ற குதிரையின் பெயர் அரிஸ்டிடீஸ். அதை ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ், கறுப்பினத்தவர். அதைப் பழக்கிய பயிற்சியாளர் ஆன்செல் வில்லியம்சன், அடிமையாகப் பிறந்தவர்.

பந்தயக் களம் எப்படிக் கறுப்பின மக்களின் கையில் இருந்தது? சமத்துவத்தால் இல்லை. அடிமை முறைதான் காரணம். தென் மாநிலங்களின் பெரும் பண்ணையார்களுக்குக் குதிரைப் பந்தயம் கௌரவ விளையாட்டு. ஆனால் லாயத்தில் படுத்துறங்குவதும், குட்டி ஈனும் இரவில் விழித்திருப்பதும், முரட்டுக் குதிரையை அடக்குவதும், பந்தயத்தில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டுவதும் கௌரவமான வேலைகள் இல்லை. அவற்றை அடிமைகள் செய்தார்கள். அப்பன் செய்ததை மகன் பார்த்துக் கற்றான். தலைமுறைகளாகச் சேர்ந்த அந்த அறிவு பண்ணையாரின் சொத்துக் கணக்கில் சேர்ந்தது.

எட்வர்ட் பிரவுன் என்ற பயிற்சியாளரின் கதையைக் கேளுங்கள். 1850இல் கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் அடிமையாகப் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே ஒரு குதிரைப் பண்ணை முதலாளிக்கு விற்கப்பட்டவர். வேகமாக ஓடுவார் என்பதால் அவருக்குப் 'பிரவுன் டிக்' என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு பந்தயக் குதிரையின் பெயர். மனிதக் குழந்தைக்குக் குதிரையின் பெயர்! அதே பிரவுன் விடுதலைக்குப் பிறகு ஜாக்கியாகப் பெரிய பந்தயம் வென்றார். பயிற்சியாளராகி, 1877 டெர்பியை வென்ற குதிரையைப் பழக்கினார்.

நம் நாட்டில் தலித் மணமகன் குதிரையில் ஊர்வலம் போனால் கல்லெறிகிறார்கள். போலீஸ் பாதுகாப்போடு நடந்த திருமணங்களை நாம் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். அங்கே ஒடுக்கப்பட்டவனைக் குதிரையில் ஏற்றினார்கள், இங்கே இறக்குகிறார்கள். இரண்டும் வெவ்வேறு போலத் தெரியும். ஆனால் இரண்டு இடத்திலும் விதி ஒன்றுதான்: குதிரையின் பெருமை அதைத் தேய்த்துக் குளிப்பாட்டுபவனுக்குச் சேரக் கூடாது.

லாயத்தில் வளர்ந்த சிறுவர்கள்

அடிமைக் காலத்தில் பல தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றம். கென்டக்கியில் அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் எஜமானனின் சாட்டைக்கு அந்த வேலை தெரியும். 1865இல் அடிமை முறை ஒழிந்தபோது விடுதலை பெற்ற மக்கள் முதலில் தேடியவற்றில் ஒன்று பள்ளிக்கூடம்.

ஆனால் வயிறு காத்திருக்காது. ஐசக் மர்ஃபி 1861இல் பிறந்தவர். அப்பா உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்கு எதிரான வட மாநிலப் படையில் சேர்ந்து இறந்தார். அம்மா துணி வெளுத்துப் பிள்ளையை வளர்த்தார். சிறுவன் லாயத்துக்கு வேலைக்குப் போனான். 1875இல், பதின்ம வயதிலேயே, பந்தயத்தில் ஓட்டத் தொடங்கிவிட்டான். 1884, 1890, 1891 என மூன்று டெர்பிகளை வென்ற முதல் ஜாக்கி அவர்தான். அன்றைய அமெரிக்காவில் மிக அதிகம் சம்பாதித்த விளையாட்டு வீரர்களில் ஒருவராக இருந்தார்.

மற்றவர்களையும் பாருங்கள். 1892 டெர்பியை வென்ற அலோன்சோ கிளேட்டனுக்கு வயது 15. 1895இல் வென்ற ஜேம்ஸ் பெர்கின்சுக்கும் வயது 15. பத்தாம் வகுப்பு படிக்கிற வயது. எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் ஜாக்கித் தொழில் சிறுவர்களைத் தேடியது. எடையைக் குறைக்கப் பட்டினி கிடப்பது தொழிலின் ஒரு பகுதி. மர்ஃபியின் உடலை அது அரித்தது. 1896 பிப்ரவரியில், 35 வயதளவில், அவர் இறந்துபோனார்.

இந்தப் பிள்ளைகளின் வெற்றியை நாம் பெருமையாகச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும். ஆனால் அவர்கள் இழந்த பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'உழைத்து முன்னேறினான்' என்று ஒரு பிள்ளையைப் பாராட்டும்போது, அவன் ஏன் அந்த வயதில் உழைக்க வேண்டியிருந்தது என்ற கேள்வியை நாம் விட்டுவிடுகிறோம்.

மூடிய முதல் கதவு

மர்ஃபி இறந்த அதே 1896இல், மே மாதம், அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன் வழக்கில் தீர்ப்பு சொன்னது. 'பிரித்து வைக்கலாம், சமமாக இருந்தால் போதும்' என்பது அதன் சாரம். இனப் பாகுபாட்டுக்குச் சட்டத்தின் முத்திரை கிடைத்தது.

அந்தக் காற்று பந்தயக் களத்துக்குள்ளும் வீசியது. பரிசுப் பணம் பெருகியிருந்தது. ஜாக்கி என்பது புகழும் காசும் தரும் தொழிலாகிவிட்டது. இவ்வளவு காலம் தேவைப்படாத வேலை இப்போது வெள்ளையருக்குத் தேவைப்பட்டது. 1900ஆம் ஆண்டளவில் நியூயார்க் களங்களில் வெள்ளை ஜாக்கிகள் கூட்டாகச் சேர்ந்துகொண்டார்கள். ஓட்டத்தின் நடுவே கறுப்பின ஜாக்கிகளைச் சுற்றி வளைத்து வேலியோடு நெருக்கினார்கள், சவுக்கால் அடித்தார்கள். தோற்கும் ஜாக்கிக்கு எந்த முதலாளி குதிரை கொடுப்பான்? வாய்ப்புகள் வற்றின. யாரும் சட்டம் போட்டு விலக்கவில்லை. விலக்கிய வேலை மட்டும் கச்சிதமாக நடந்து முடிந்தது.

ஜிம்மி விங்க்ஃபீல்ட் 1901, 1902 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து டெர்பியை வென்றார். அதற்குப் பிறகு சொந்த நாட்டில் பிழைக்க வழியில்லாமல் ரஷ்யாவுக்குப் போனார். அங்கே புகழின் உச்சியில் இருந்தார். புரட்சிக்குப் பிறகான போரில் தப்பி, பிரான்சில் பயிற்சியாளராக வாழ்ந்தார். 1961இல் ஒரு விருந்துக்கு அழைக்கப்பட்டு லூயிவில் வந்தபோது, அந்த ஓட்டலின் முன்வாசல் வழியாக அவரை உள்ளே விட மறுத்தார்கள். இரண்டு முறை டெர்பி வென்ற ஊரில்!

முதல் 28 டெர்பிகளில் 15ஐ வென்றவர்கள் கறுப்பின ஜாக்கிகள். 1902க்குப் பிறகு ஒரு கறுப்பின ஜாக்கிகூட டெர்பியை வெல்லவில்லை. 1921க்குப் பிறகு 2000 வரை டெர்பியில் ஒரு கறுப்பின ஜாக்கி குதிரை ஏறவே இல்லை. 79 ஆண்டுகள்! கறுப்பின மக்கள் லாயத்தில் இருந்தார்கள். சாணம் அள்ளவும் குதிரை நடத்தவும் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

மூடிய இரண்டாம் கதவு

களத்தை விட்டுத் துரத்தப்பட்ட தலைமுறை படிப்பின் பக்கம் திரும்பியிருக்கலாமே என்று கேட்கலாம். கென்டக்கியில் அதற்கு ஒரு கல்லூரி இருந்தது. அதன் பெயர் பெரியா. அடிமை ஒழிப்புப் போராளியான ஜான் ஃபீ 1855இல் தொடங்கியது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அங்கே கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள். இன்னொரு சிறப்பும் உண்டு. ஏழை மாணவர்கள் கல்லூரியிலேயே வேலை செய்து படிக்கலாம். உழைப்பும் படிப்பும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று சொன்ன கல்லூரி.

அங்கே படித்தவர்களில் ஒருவர் கார்ட்டர் உட்சன். அடிமையாக இருந்த பெற்றோரின் மகன். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டியவர். 20 வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1903இல் பெரியாவில் பட்டம் பெற்றார். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். 1926இல் அவர் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம்தான் இன்று ஒரு மாதமாகக் கொண்டாடப்படுகிறது.

உட்சன் பட்டம் பெற்ற மறு ஆண்டு, 1904இல், கென்டக்கி சட்டமன்றம் டே சட்டத்தைக் கொண்டுவந்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே நிறுவனத்தில் படித்தால் அந்த நிறுவனத்துக்கு 1000 டாலர் அபராதம். இன்னொரு இனத்துக்குத் தனிக் கிளை தொடங்கினால்கூட அது குறைந்தது 25 மைல் தள்ளி இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அந்தத் தூரத்தைப் படித்தபோது எனக்கு நம் ஊர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஊருக்கும் சேரிக்கும் நடுவே எத்தனை அடி என்று கணக்கு வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்த 25 மைல் விதியை மட்டும் மாநில நீதிமன்றம் நீக்கியது. மற்றபடி சட்டம் நின்றது. பெரியா கல்லூரி உச்ச நீதிமன்றம்வரை போனது. 1908இல் தோற்றது. எதிர்த்துத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹார்லன், கென்டக்கிக்காரர்.

ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1902: டெர்பியில் கடைசி கறுப்பின வெற்றி. 1904: கல்லூரிக் கதவு மூடப்பட்டது. லெக்சிங்டன் நகரம் குதிரைத் தொழிலின் தலைநகர். கென்டக்கி பல்கலைக்கழகம் இருப்பதும் அதே ஊரில். அந்த ஊர் லாயங்களில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளியின் பிள்ளை அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர 1949வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கதவைத் திறந்தவர் லைமன் ஜான்சன். லூயிவில்லில் வேலையில் இருந்த பள்ளி ஆசிரியர். மேற்படிப்புக்கு இடம் கேட்டு வழக்குப் போட்டு வென்றார். வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பிய ஒரு தொழிலாளிதான் ஒரு மாநிலத்தின் பூட்டை உடைத்தார் என்பதை மறக்காதீர்கள்.

தொழில் பட்டமாக மாறியபோது

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் குதிரைத் தொழிலே பல்கலைக்கழகப் பாடமானது. லூயிவில் பல்கலைக்கழகத்தில், வணிகக் கல்லூரிக்குள், குதிரைத் தொழில் துறைக்கென்று ஒரு பட்டப் படிப்பு வந்தது. 2006இல் கிறிஸ் மெக்கரன் என்ற புகழ்பெற்ற ஜாக்கி லெக்சிங்டனில் பயிற்சிக் கல்வியகம் தொடங்கினார். அது அரசு சமுதாயக் கல்லூரி அமைப்பின் பகுதியாக இயங்கியது. குதிரை ஓட்டுவதும் பராமரிப்பதும் மதிப்பெண் பெறும் பாடங்களாயின.

நல்ல விஷயம்தான். ஆனால் எட்வர்ட் பிரவுனும் ஆன்செல் வில்லியம்சனும் லாயத்து இருட்டில் கற்றது பாடத்திட்டமாக மாறிய நேரத்தில், அவர்களுடைய சந்ததி அந்தத் தொழிலில் மிகக் குறைவாகவே மிஞ்சியிருந்தது. இன்று அங்கே லாய வேலைகளில் பெரும்பாலும் இருப்பவர்கள் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த குடியேற்றத் தொழிலாளர்கள். விடிவதற்கு முன் வேலை ஆரம்பம். குதிரைக்கு ஞாயிறு கிடையாது, அதனால் தொழிலாளிக்கும் விடுமுறை அரிது. பந்தய சீசன் ஒரு ஊரில் முடிந்தால் குதிரைகளோடு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். கல்லூரியின் பருவமுறை ஓரிடத்தில் நிலையாக இருக்கிறவர்களுக்காகப் போடப்பட்டது. பந்தய சீசனோடு ஊர் ஊராக நகர்கிறவனுக்கு அது பொருந்தவே பொருந்தாது. சோம்பேறித்தனத்தால் அவர்கள் படிக்காமல் இல்லை. கால அட்டவணையே அவர்களை வெளியே வைக்கிறது.

மாற்றங்களும் நடக்கின்றன. டெர்பி நடக்கும் அதே மைதானத்தின் பின்புறம், லாயத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு கற்றல் மையம் நடக்கிறது. எட்வர்ட் பிரவுன் பெயரில் ஓர் அமைப்பு, கறுப்பினக் கல்லூரி மாணவர்களுக்குக் குதிரைத் தொழிலில் உதவித்தொகையும் பயிற்சியும் தருகிறது. குதிரையின் பெயரால் கூப்பிடப்பட்டவரின் பெயரில் இன்று மாணவர்கள் படிக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கணக்கு

இந்த வரலாற்றில் ஒரு வரிசை தெரிகிறது. ஒரு வேலை இழிவாகக் கருதப்படும்வரை அது ஒடுக்கப்பட்டவர்களின் தலையில் இருக்கும். அதில் காசும் மதிப்பும் சேரும்போது அவர்கள் நகர்த்தப்படுவார்கள். பிறகு அது பட்டமாகும். பட்டத்துக்கு நுழைவுத் தகுதி வரும். அந்தத் தகுதி அவர்களிடம் இருக்காது.

நமக்கு இது புதிதா? தோலைத் தொட்டவர்களைத் தீட்டு என்றார்கள். 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் பொறியியல் பட்டம். படித்தவர் தோல் தொழில்நுட்ப வல்லுநர். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தொட்டியில் இறங்குபவர் இன்னமும் கூலி. ஒரே தோல்தான்.

குதிரைப் பந்தயத்துக்கே வாருங்கள். 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996இல் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் இல்லை, திறன் சார்ந்த விளையாட்டு, குதிரைக்குக் கொடுக்கும் பயிற்சியும் ஜாக்கியின் திறமையும்தான் வெற்றியை முடிவு செய்கின்றன. அந்தத் 'திறன்' என்ற ஒரு சொல்லால் பந்தயத் தொழில் பிழைத்தது. ஆனால் விடியற்காலை 4 மணிக்குக் குதிரையின் காலைத் தொட்டுப் பார்ப்பவனின் திறனுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. திறன் என்று நீதிமன்றத்தில் வாதாடலாம், கல்லூரி விண்ணப்பத்தில் எழுத இடமில்லை.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பதை நான் கொண்டாடச் சொல்லவில்லை. பாபாசாகேப் அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1918இலிருந்து பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியர் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, மற்றவர்களிடம் உதவியும் வாங்கி, 1920இல் மறுபடி போனார். அவர் உழைப்பை வணங்குகிறோம். ஆனால் அந்த மூன்று ஆண்டு இடைவெளி அவருடைய குறையால் வந்தது இல்லையே. நம் பிள்ளைகளுக்கும் அதே இடைவெளியை வைத்துவிட்டு 'பாபாசாகேப் போல உழை' என்று அறிவுரை சொல்வது நியாயமா?

நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. உதவித்தொகை பருவம் முடிவதற்குள் கைக்கு வர வேண்டும். வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு வருகைப் பதிவில் தளர்வும், மாலை வகுப்பும் வேண்டும். அரசுத் திறன் திட்டங்களில் முன்கற்றல் அங்கீகாரம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்தச் சான்றிதழ் பட்டப் படிப்பில் மதிப்பெண்ணாகக் கணக்கிடப்பட வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் நம் மாணவர் அமைப்புகள் முதல் வேலையாக இதைச் செய்யலாம்: வகுப்பில் தூங்குகிற மாணவன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று கேட்டுப் பட்டியல் எடுப்பது.

தம்பியின் கடிதத்தை நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். முதல் வரைவில் அவன் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டு, என்ன வேலை, எத்தனை மணிக்கு, எத்தனை குதிரை என்று விவரமாக எழுதச் சொன்னேன். வெட்கப்பட்டான். பிறகு எழுதினான். கல்லூரி இன்னும் பதில் சொல்லவில்லை. வரும் வாரம் துறைத் தலைவரை நேரில் பார்க்கப் போகிறோம். படிப்பு வட்டத் தோழர்கள் ஆறு பேர் கூட வருகிறார்கள். அவர்களில் மூன்று பேர் தங்களுக்கும் வருகைப் பதிவு குறைவு என்று அப்போதுதான் சொன்னார்கள்.

ஜெய் பீம்.